மூக்கை மறுபடி சீவப் போன இருவாச்சி

ஆனைமலைக் காட்டில் கருப்பழகு என்ற இருவாச்சி வாழ்ந்து வந்தான். பெரிய பறவை. கறுப்புச் சிறகு, வெள்ளைக் கழுத்து, முகத்துக்கு முன்னால் அரை முழ நீளத்தில் மஞ்சள் மூக்கு. அவன் பறந்து வந்தால் சிறகுச் சத்தம் அடுத்த சரிவு வரை கேட்கும். பெயருக்கு ஏற்ற அழகன்தான். அதை அவனைத் தவிர எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அவனுடைய கவலையெல்லாம் மூக்கின் நுனிதான். அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எவ்வளவு என்றால், ஒரு தினையளவு. சும்மா பார்த்தால் தெரியாது. இருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் தெரியும். அவன் தேடித்தான் பார்த்தான்.

பார்ப்பதற்கென்றே ஒரு பாறைக்குழி வைத்திருந்தான். மழைத் தண்ணீர் தேங்கி அசையாமல் கிடக்கும் குழி. இருவாச்சிகள் பொதுவாகத் தண்ணீர் தேடிப் போவதில்லை. பழத்தில் இருக்கும் நீரே அவர்களுக்குப் போதும். அதனால் அந்தக் குழியில் குடியிருந்த தவளைக்கு இவன் வரவு புரியவே இல்லை. யானை வரும், குடிக்கும். மான் வரும், குடிக்கும். இவன் வருவான், குனிவான், வலப்பக்கம் ஒரு பார்வை, இடப்பக்கம் ஒரு பார்வை, பிறகு ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான், கிளம்பிவிடுவான்.

ஒருநாள் தவளை கேட்டே விட்டது. "ஏனுங்க, தினமும் வர்றீங்க, ஒரு வாய்கூடக் குடிக்கிறதில்லீங்களே?"

"அது கெடக்கட்டும். என்ற மூக்கு எப்படி இருக்குது, பாத்துச் சொல்லு."

தவளைக்கு மூக்கென்று சொல்லிக்கொள்ள இரண்டு ஓட்டைகள்தான் உண்டு. அது தன்னால் முடிந்தவரை யோசித்து, "நீளமா இருக்குதுங்க" என்றது. கருப்பழகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

இந்தச் சாய்வு பிறவியிலேயே வந்ததல்ல. அதுதான் அவனை அதிகம் வாட்டியது. போன வருஷம் வரை அவன் மூக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்சம் தடிமன். அப்போது அந்தத் தடிமன்தான் அவனுக்கு உலகத்திலேயே பெரிய குறை. நாச்சிமுத்து என்ற மரங்கொத்தியிடம் போனான். மூக்கின் முன்பாதியை இரண்டு பக்கமும் சீவி மெலிதாக்கிக்கொண்டு வந்தான். முதல் பத்து நாள் அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. மரத்துக்கு மரம் உட்கார்ந்து முகத்தைக் காட்டினான். பதினோராம் நாள் அந்தத் தினையளவைக் கண்டுபிடித்தான். அன்றோடு நிம்மதி போனது.

வீட்டில் பாவாயி இருந்தாள். அவன் மனைவி. நல்ல பொறுமைசாலி, ஆனால் வாய் இல்லாதவள் அல்ல. முதல் தடவை அவன் மூக்கைப் பற்றிக் கேட்டபோது, நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். பத்தாவது தடவையும் அதையே சொன்னாள். நாற்பதாவது தடவை கேட்டபோது, பழுத்த அத்தி மரத்தில் உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா இது என்று கேட்டுவிட்டு, பழத்தைப் பறிக்கத் திரும்பிக்கொண்டாள்.

உண்மையில் பாவாயிக்கு அந்தச் சாய்வு முதல் நாளே தெரியும். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து சிறகு கோதிவிடுகிறவளுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது, பெரிதாகப் படவில்லை, விட்டுவிட்டாள். கருப்பழகோ அவள் தன்னைத் தேற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தான். சிலர் இப்படித்தான். குறை சொன்னால் உண்மை என்பார்கள், நன்றாக இருக்கிறது என்றால் பொய் என்பார்கள்.

இப்படி இருக்கையில் முட்டையிடும் காலம் வந்தது.

இருவாச்சிக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பறவை ஓர் உயர்ந்த மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சேறும் பழச்சக்கையும் எச்சமும் குழைத்து, பொந்தின் வாயைத் தானே உள்ளிருந்து பூசி அடைத்துவிடும். ஒரு சின்ன இடுக்கு மட்டும் விடும். ஆண் பறவை பழத்தைக் கொண்டுவந்து, மூக்கு நுனியால் அந்த இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக ஊட்டும். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, மூன்று மாதத்துக்கு மேல். உள்ளே இருப்பவளுக்கு இறக்கை இறகுகள் எல்லாம் உதிர்ந்துவிடும். புதிதாக முளைக்கும் வரை பறக்க முடியாது. வெளியே இருப்பவன் வராவிட்டால் உள்ளே இருப்பவளுக்குச் சாப்பாடு கிடையாது. இதைவிடப் பெரிய நம்பிக்கை அந்தக் காட்டில் வேறு எதுவும் இல்லை.

பாவாயியும் உள்ளே போனாள். வாசலைப் பூசினாள். இரண்டு நாளில் சேறு காய்ந்து பாறையாகிவிட்டது.

கருப்பழகு நல்ல புருஷன். அதில் குறை சொல்ல முடியாது. விடிந்ததும் அத்தி மரத்துக்குப் போவான். தொண்டை நிறையப் பழத்தை அடக்கிக்கொண்டு வருவான். பட்டையில் காலை ஊன்றி, மூக்கை இடுக்கில் நுழைத்து, ஒவ்வொரு பழமாக உள்ளே தள்ளுவான். உள்ளே பாவாயி வாங்கிக்கொள்வாள். வாங்கும்போது நுனியை லேசாக ஒரு கவ்வு கவ்விவிட்டு விடுவாள். இது அவர்களுக்குள் பேச்சு. ஒரு நாளைக்கு இருபது தடவை நடக்கும்.

இருபது தடவைக்கு நடுவிலும் அவன் பாறைக்குழிக்குப் போய்வர நேரம் கண்டுபிடித்தான். போன இடத்தில்தான் அந்த யோசனை உதித்தது.

பாவாயி உள்ளே இருக்கிறாள். மூன்று மாதத்துக்குத் தன் முகத்தை முழுதாகப் பார்க்கமாட்டாள். அதற்குள் மூக்கை மறுபடியும் சீவி நேராக்கிக்கொண்டால்? அவள் வெளியே வரும்போது எதிரே நேரான மூக்கோடு ஒரு புதுக் கருப்பழகு நிற்பான். அவளுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! இப்படி நினைக்க நினைக்க, தான் இதைப் பாவாயிக்காகவே செய்யப்போவதாக அவனுக்குத் தோன்றிவிட்டது. பாவாயி கேட்டாளா என்பதை அவன் யோசிக்கவில்லை.

நேராக நாச்சிமுத்துவிடம் போனான்.

நாச்சிமுத்து பட்டுப்போன வேங்கை மரம் ஒன்றில் தலைகீழாகத் தொங்கி வேலை செய்துகொண்டிருந்தார். வேலையை நிறுத்திவிட்டு வந்தார். மூக்கைக் கீழே இருந்து பார்த்தார், மேலே இருந்து பார்த்தார். பிறகு தன் அலகால் நுனியில் மெல்லத் தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். மரத்துக்குள் புழு இருக்கிறதா என்று பார்ப்பவர் அல்லவா, அவருக்குச் சத்தம்தான் சாட்சி.

"போன வருஷம் தட்டினப்ப சத்தம் கெட்டியா வந்துச்சு கருப்பழகு. இப்பப் பாரு, மெலிசா வருது. ஓடு தேஞ்சு போச்சு. அதுக்கடியில ரத்தம் ஓடுற சதை. இனி ஒரு சீவல் சீவினா எங்க போயி நிக்கும்னு எனக்கே தெரியாது. நான் தொடமாட்டேன்."

"அப்ப சாய்வே இல்லீங்கிறீங்களா அண்ணா?"

நாச்சிமுத்து இன்னொரு தடவை நுனியைப் பார்த்தார். இல்லை என்று சொல்லியிருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

"இருக்குது," என்றார். "தினையளவு. என்ற பிசகுதான் அது. எடப்பக்கம் ஒரு தட்டு அதிகமாத் தட்டிப்போட்டேன். உன்னை எங்க பாத்தாலும் என்ற கண்ணு அங்கதான் போகும். மறுபடி கையை வச்சு அதைச் சரிபண்ணிப்போடணும்னு உன்னைவிட எனக்குத்தான் ஆசை. ஆனா அந்த ஆசை என்ற பேருக்காக. உன்ற மூக்குக்காக இல்ல."

இப்படி ஒத்துக்கொள்ள எத்தனை பேருக்கு மனசு வரும்? அதுவும் அவர் அலகு கூராக இருக்கும்போது, வேலையைச் செய்யச் சொல்லி ஒருவன் எதிரே வந்து நிற்கும்போது. கருப்பழகு அந்தப் பெருந்தன்மையைப் பார்க்கவில்லை. இருக்கிறது என்று சீவிவிட்டவரே சொல்லிவிட்டார் என்பது மட்டுமே அவன் காதில் விழுந்தது. இத்தனை நாள் தனக்கு மட்டும் தெரிந்த குறை இன்று ஊரறிந்த குறையாகிவிட்டதாக அவன் கலங்கிப்போனான்.

நாச்சிமுத்து மாட்டேன் என்றால் என்ன, காட்டில் வேறு ஆளா இல்லை? பாறைக் குகையில் திருமூர்த்தி என்ற முள்ளம்பன்றி இருந்தான். கொம்பு, எலும்பு எது கிடைத்தாலும் கொறித்து வழவழப்பாக்குவதில் கெட்டிக்காரன் என்று பேர். நடுப்பகலில் போய் அவனை எழுப்பினான் கருப்பழகு. திருமூர்த்தி கொட்டாவி விட்டபடி வந்தான். குகை வாசலில் அவன் கொறித்துப்போட்ட கடமான் கொம்புகள் வரிசையாகக் கிடந்தன.

"இதெல்லாம் நீ பண்ணினதா?" என்று கேட்டான் கருப்பழகு.

"ஆமா. இத்தனை கொம்பு கொறிச்சிருக்கேன், இதுவரைக்கும் ஒரு கொம்புகூட வலிக்குதுன்னு சொன்னதில்ல."

அதெல்லாம் மான் உதிர்த்துவிட்டுப் போன கொம்புகள். உதிர்ந்த கொம்புக்கு வலி ஏது, வாய் ஏது? கருப்பழகுக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஆனால் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வந்தவனுக்குச் சரி என்று சொல்கிறவனின் முகம் மட்டும்தான் தெரியும்.

திருமூர்த்தி தட்டிப் பார்க்கவில்லை, காது கொடுத்தும் கேட்கவில்லை. தூரத்தில் இருந்தே ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு வேலை ரொம்பச் சுலபம் என்றான். சாய்ந்திருப்பது நுனிதானே, நுனியில் இரண்டு விரற்கடை அளவுக்கு எடுத்துவிட்டால் சாய்வதற்கே எதுவும் மிஞ்சாது என்று கணக்குச் சொன்னான். எடுத்த பிறகு பதினைந்து நாள் மூக்கைத் திறக்கக் கூடாது. கொடியால் கட்டிவிடுவானாம். எதையும் கவ்வக் கூடாது, கொத்தக் கூடாது. நாளை மறுநாள் விடிந்ததும் வரச் சொன்னான்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று திருமூர்த்தி கேட்கவில்லை. கருப்பழகும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியில்தான் அவனுக்குப் பதினைந்து நாள் என்பது மண்டையில் ஏறியது. பாவாயிக்கு யார் ஊட்டுவது? உடனே அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். பதினைந்து நாளுக்கான பழத்தையும் இப்போதே உள்ளே தள்ளிவிட்டால் தீர்ந்தது. அவனுக்குத் தன் மூளையை நினைத்தே பெருமையாக இருந்தது.

அன்று மாலையும் மறுநாள் முழுவதும் அவன் பறந்த பறப்பை அந்தக் காடு கண்டதில்லை. அத்தி மரத்துக்கும் பொந்துக்கும் இடையே காற்று ஓயவில்லை. ஐம்பது பழம், நூறு பழம், இருநூறு பழம். வாங்கி வாங்கிப் பாவாயிக்கு வாய் வலித்தது. காலடியில் பழம், முதுகுக்குப் பின்னால் பழம், சிறகை அசைத்தால் பழம். போதும் என்றாள். இன்னும் கொஞ்சம் என்றான். என்ன விசேஷம் என்று கேட்டாள். இந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்கிறது என்று மழுப்பினான்.

அந்த மறுநாள் மத்தியானம் உள்ளே இருந்து மெல்லிய கீச்சொலி ஒன்று கேட்டது. முட்டை பொரிந்துவிட்டது. பாவாயி இடுக்கருகே வந்து அதைச் சொன்னாள். கருப்பழகுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் மகிழ்ச்சியின் ஊடே ஒரு கணக்கும் ஓடியது. குஞ்சுக்கும் சேர்த்து இன்னும் எழுபது பழம் வேண்டும். பறந்துவிட்டான்.

கணக்கில் ஒன்றை மறந்திருந்தான். அத்திப்பழம் கல் அல்ல. பொந்துக்குள் புழுக்கம் அதிகம். முதல் நாள் பழம் நசுங்கிப் புளித்துச் சாறு ஒழுகத் தொடங்கியது. சாற்று வாசனைக்கு மரத்தடியிலிருந்து எறும்புச் சாரை ஏறியது. பட்டை வழியே, சேற்றுச் சுவர் வழியே, இடுக்கு வழியே உள்ளே போனது. உள்ளே இருந்தது இறகு முளைக்காத, கண் திறக்காத ஒரு பிஞ்சு.

சாயங்காலம் கருப்பழகு தொண்டை நிறையப் பழத்தோடு வந்தபோது மரத்தடியில் தொப்பென்று எதுவோ விழுந்தது. பார்த்தான். அத்திப்பழம். தொப்பென்று இன்னொன்று. பாவாயி இடுக்கு வழியாகப் பழங்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் அரும்பாடுபட்டுக் கொண்டுவந்தவை எல்லாம் கீழே சேறாகிக்கொண்டிருந்தன.

"என்ன பண்றே பாவாயி?"

"எறும்பு வந்திருச்சுங்க. குஞ்சைக் கடிக்குது. ஒரு காலுக்கடியில குஞ்சை வச்சுட்டு, ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டுட்டிருக்கேன். மொதல்ல சொல்லுங்க, எங்க போகப் பாக்கறீங்க?"

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நாளைக்கு வருகிறவன் யாரும் இன்றைக்கே இவ்வளவு பழத்தைத் திணிக்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். கருப்பழகு கிளை மாறி உட்கார்ந்தான். பேச்சை மாற்றிப் பார்த்தான். முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நாச்சிமுத்து மறுத்ததை, திருமூர்த்தி ஒத்துக்கொண்டதை, இரண்டு விரற்கடையை, பதினைந்து நாளை. கடைசியில் குரலைத் தாழ்த்தி, அவள் வெளியே வரும்போது அவளுக்கு நேரான மூக்கைக் காட்டத்தான் இந்தப் பாடு என்றான்.

பழம் விழுவது நின்றுவிட்டது.

பிறகு பாவாயி பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் நிதானமாகப் பேசினாள்.

"இந்தச் சுவர் எவ்வளவு தடிப்பம்னு உங்களுக்குத் தெரியுங்களா? உங்க மூக்குல முக்காவாசி சுவருக்குள்ளயே நின்னுக்கும். எனக்கு உள்ள வந்து எட்டுறது கடைசி ரெண்டு விரற்கடைதான். அதைத்தானுங்க நீங்க வெட்டிப்போடப் போறீங்க."

கருப்பழகு கண்ணைத் தாழ்த்தித் தன் மூக்கு நுனியைப் பார்த்தான்.

"அதுமட்டுமில்லீங்க. சாய்வு, சாய்வுங்கறீங்களே, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? போன வருஷத்து வாசலை நேரா விட்டேன். இந்த வருஷம் பூசுறப்ப உங்க மூக்குக்குத் தக்கன சாய்ச்சுத்தான் விட்டிருக்கேன். அது சாஞ்சு வர்ற பக்கத்துலதான் நான் உக்காந்திருக்கேன். எந்திரிக்காம, குஞ்சு மேல இருந்து நகராம வாங்கிக்கலாம்னு. இந்த இருட்டுல உங்ககிட்ட இருந்து நான் பாக்கறது அந்த நுனி மட்டுந்தானுங்க. அது சாஞ்சிருக்குதுன்னு ஒருநாளும் நெனச்சதில்ல. என்ற பக்கம் திரும்பியிருக்குதுன்னுதான் நெனச்சேன்."

கருப்பழகு அந்த இடுக்கைப் பார்த்தான். ஒரு நாளைக்கு இருபது தடவை மூக்கை நுழைத்த இடம். ஒருநாளாவது நின்று பார்த்திருப்பானா? அந்த நேரத்தையெல்லாம் பாறைக்குழியில் அல்லவா செலவழித்தான். இப்போது பார்த்தான். இடுக்கு சாய்ந்திருந்தது. ஒரு தினையளவு.

இத்தோடு அவன் திருந்திவிட்டான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பத்து மாதமாக ஒன்றையே நினைத்த மனசு அவ்வளவு சீக்கிரம் விடாது. அவன் தயங்கித் தயங்கி, திருமூர்த்தியிடம் வார்த்தை கொடுத்துவிட்டதாகச் சொன்னான். நாளை ஒருநாள்தானே வேலை, பதினைந்து நாள்தானே கட்டு, அதற்குள் ஏதாவது வழி இருக்காதா என்று கேட்டான்.

"இருக்குதுங்க," என்றாள் பாவாயி. "நான் சுவரை உடைச்சுட்டு வெளிய வந்தர்றேன். இறகு இல்லாததால பறக்க முடியாது. கிளையில நடந்து போயி, எட்டுற பழத்தைப் பறிச்சுட்டு வந்து இதுக்கு ஊட்டுறேன். நீங்க போயிட்டு வாங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே இருந்து டொக் என்று ஒரு கொத்து விழுந்தது. இன்னொரு கொத்து. காய்ந்த சேற்றில் ஒரு சில்லு பெயர்ந்து கருப்பழகின் காலடியில் விழுந்தது. அது கோபமா, அன்பா என்று கேட்டால், இரண்டும்தான். குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இது புரியும்.

எதிர்க் கிளையில் மரநாய் ஒன்று படுத்திருந்தது. அது அந்த மரத்தைப் பத்து நாளாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கெட்டிச் சுவரைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருந்தது. சில்லு விழுந்த சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கியது. கருப்பழகு அதைப் பார்த்தான்.

மூன்றாவது கொத்து விழும் முன்பே அவன் பாய்ந்தான். பட்டையில் காலை ஊன்றி, மூக்கை இடுக்கில் செருகினான். முழுதாகச் செருகி அடைத்துக்கொண்டான். எங்கும் இடிக்கவில்லை, உரசவில்லை. அவனுக்கென்றே அளந்து வைத்த வாசல், அப்படியே ஏற்றுக்கொண்டது.

"உடைக்காதே பாவாயி," என்றான். மூக்கு சுவருக்குள் இருந்ததால் குரல் அமுங்கி வந்தது. "உடைக்காதே. நான் எங்கயும் போகலே."

உள்ளே கொத்து நின்றது.

அப்போது அவன் மூக்கு நுனியில் எதுவோ பட்டது. பாவாயியின் கவ்வல் அல்ல. அது அவனுக்குப் பழக்கம். இது வேறு. ஈரமாக, வெதுவெதுப்பாக, மிகச் சின்னதாக. கண் திறக்காத அந்தக் குஞ்சு, வந்திருப்பது சாப்பாடுதான் என்று நம்பி, நுனியைப் பற்றிக்கொண்டு இழுத்தது. தகப்பனும் பிள்ளையும் சந்தித்துக்கொண்டது இப்படித்தான். கருப்பழகு அழுதுவிட்டான். பெரிய பறவை, அழுததில் மரமே குலுங்கியது. மரநாய் பயந்து இறங்கி ஓடிவிட்டது.

தொண்டையில் இருந்த புதுப் பழம் ஒன்றை நுனிக்குக் கொண்டுவந்தான். பாவாயி வாங்கி, நசுக்கி, குஞ்சுக்குக் கொடுத்தாள். பிறகு அவளுக்கு ஒன்று. பழம் தீரும்வரை அவன் மூக்கை எடுக்கவில்லை. பிறகு சுவரைச் சுற்றியிருந்த எறும்புகளை ஒன்று விடாமல் கொத்தி எறிந்தான். கீழே போய் ஈரச் சேற்றைக் கவ்விவந்து பாவாயியிடம் நீட்டினான். பெயர்ந்த இடத்தை அவள் உள்ளே இருந்து பூசிக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் திருமூர்த்தி பல்லைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். வெயில் ஏறும்வரை பார்த்தான். யாரும் வரவில்லை. பக்கத்தில் கிடந்த கொம்பு ஒன்றை இழுத்துக் கொறிக்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு என்ன நட்டம்?

அதற்குப் பிறகு கருப்பழகுக்கு நிற்க நேரமில்லை. குஞ்சுக்குப் பழம் மட்டும் போதாது. பூச்சி வேண்டும், ஓணான் வேண்டும். ஒரு நாளைக்கு இருபது தடவை என்பது முப்பதானது, முப்பது நாற்பதானது. அவன் இளைத்துப் போனான். வழியில் நாச்சிமுத்து ஒருநாள் அவனைப் பார்த்தார். வழக்கம்போல அவர் கண் மூக்கு நுனிக்குப் போனது. அங்கே ஓர் ஓணான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்.

கருப்பழகுக்கு அந்தச் சாய்வு பிடித்துப்போய்விட்டது என்று சொன்னால் அது பொய். சில நாள் காலையில் அந்த நினைப்பு இன்னும் வந்து உறுத்தும். உறுத்திக்கொண்டு இருக்கும்போதே உள்ளே கீச்சென்று பசிக்குரல் கேட்கும். அவன் பறந்துவிடுவான்.

உள்ளே போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆனதும் பாவாயி சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். புது இறகுகள் பளபளத்தன. பின்னாலேயே பிள்ளை தட்டுத்தடுமாறி வந்து கிளையில் உட்கார்ந்தான். கருப்பழகு அவனை அருகில் போய்ப் பார்த்தான். முன்னால் இருந்து பார்த்தான். தலையைச் சாய்த்து, பிள்ளையின் சின்ன மூக்கை வலப்பக்கம் இருந்து ஒருமுறை, இடப்பக்கம் இருந்து ஒருமுறை பார்க்க ஆரம்பித்தான்.

"ஏனுங்க," என்றாள் பாவாயி.

அவன் தலையை நிமிர்த்தி, ஒன்றுமே நடக்காதவன் போல அத்தி மரத்தைப் பார்த்துப் பறந்துவிட்டான்.

ஒருமுறை மாற்றிய முகத்தை மறுபடியும் மாற்றத் துடிக்கும் முன், அந்த முகத்தை நம்பி இருப்பவர்கள் அதற்கேற்ப ஒரு வாசலைக் கட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட வேண்டும்.